இந்த வருசமும் மீளக் கட்டுகிறோம்

கிழக்கு லண்டன் குட்மேய்ஸில் என் வீட்டுக்கு நேர் எதிரே ஒரு மைதானம் இருக்கிறது. வீடு வாங்கும்போது ஏஜென்ட் அதைப் பெரிய வசதியாகச் சொன்னான். பசுமை, காற்றோட்டம், அமைதி என்று ஒவ்வொரு விரலாக மடக்கினான். அவன்மேல் எனக்குக் கோபமில்லை. அப்போது பிரித்தானிய ஒன்றிணைந்த தமிழர் பேஸ்போல் கழகம் ஒலிபெருக்கி வாங்கியிருக்கவில்லை.

பெயரில் உள்ள "ஒன்றிணைந்த" என்பதற்கு ஒரு விளக்கம் தேவை. முதலில் ஒரு கிரிக்கெட் கழகம் இருந்தது. அது தலைவர் பதவிக்காக இரண்டாக உடைந்தது. அந்த இரண்டும் செயலாளர் பதவிக்காக நாலாக உடைந்தன. நாலிலிருந்தும் வெளியே தள்ளப்பட்டவர்கள் எண்பத்தேழாம் ஆண்டு ஒரு மண்டபத்தில் கூடி, கட்லட் சாப்பிட்டு, ஒன்றிணைந்தார்கள். இனிமேல் கிரிக்கெட் வேண்டாம் என்றும் தீர்மானித்தார்கள். கிரிக்கெட்டில் லண்டனுக்குள்ளேயே கணக்கில்லாத அணிகள். தலைகீழாக நின்றாலும் பட்டியலின் அடியில்தான் கிடக்க வேண்டும். பேஸ்போல் அப்படியல்ல. அது அமெரிக்கர்களின் விளையாட்டு, இங்கிலாந்தில் அதைச் சீண்டுவார் இல்லை. எங்கள் பக்கத்து லீக்கில் மொத்தமே ஆறு அணிகள். எல்லா ஆட்டமும் தோற்றாலும் "தென்கிழக்கு இங்கிலாந்தில் ஆறாம் இடம்" என்று ஆண்டு மலரில் போடலாம். போட்டார்கள். ஆறாவது என்றால் எத்தனையில் ஆறாவது என்று யாழ்ப்பாணத்தில் யார் கேட்கப்போகிறார்கள்?

இந்த யோசனையின் சொந்தக்காரர் தலைவர் பத்மநாதன். இல்ஃபோர்டில் கணக்காளர். காலையில் பல் துலக்குவதற்கு முன்பே சபையோரை விளிக்கக்கூடியவர். ஒலிபெருக்கி வாங்கியதும் அவர்தான். பந்து வாங்குவதற்கு முன்பே அதை வாங்கிவிட்டார்.

என்னையும் உறுப்பினராக்கப் பலமுறை முயன்றார்கள். முழங்கால் வலி என்று சொல்லித் தப்பிக்கொண்டேன். முழங்கால் வலிக்கும் நல்ல பதவிகள் இருப்பதாகச் சொன்னார்கள். அதற்கும் மசியவில்லை. ஆகவே நான் எழுதுவதெல்லாம் என் முன்வாசல் ஜன்னலிலிருந்தும் மதில் ஓரத்திலிருந்தும் பார்த்தது. கேட்டதைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. மூன்று தெரு தள்ளியிருந்தவர்களும் கேட்டார்கள்.

கழகம் தொடங்கிய வருடக் கோடை முடிவில் இதே மைதானத்தில் வெள்ளைக்காரர்களின் சந்தை ஒன்று நடந்தது. அதில் ஒரு கடையில் தேங்காய்களைக் கம்புகளின் மேல் வைத்திருப்பார்கள். மரப்பந்தால் எறிந்து விழுத்தினால் தேங்காய் உங்களுக்கு. கம்பின் தலையில் ஏதோ சித்து வேலை செய்திருப்பார்கள், எவராலும் விழுத்த முடியாது. அன்று ஒல்லியான தமிழ்ப் பெடியன் ஒருவன் வந்து வரிசையாக எல்லாத் தேங்காய்களையும் விழுத்தி, கோணிப்பை கேட்டான். கடைக்காரன் இன்னொரு வரிசை அடுக்கினான். அதையும் விழுத்தினான். பிறகு கடைக்காரன் அவனைக் கையெடுத்துக் கும்பிடாத குறையாக அனுப்பிவைத்தான்.

அவன்தான் கிறிஸ்துராஜா. குருநகரிலிருந்து வந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. இருபத்தொரு வயது. ஹீத்ரோவில் சாமான் ஏற்றி இறக்கும் வேலை. ஹவுன்ஸ்லோவில் தமக்கை அஞ்சலீனா வீட்டில் இருந்தான். கழகத்துச் செயலாளர் யோகலிங்கம் அந்தச் சந்தைக்குக் குடும்பத்தோடு வந்திருந்தார். அவர் ஓடிப்போய்ப் பெடியனின் கையைப் பிடித்தார்.

"தம்பி, நீர் எங்கட கழகத்துக்கு வரவேணும். உம்மைப்போல இளம் திறமையைத்தான் தேடித் திரியிறம்."

"என்ன அண்ணை செய்யவேணும்?"

"எறியவேணும்."

அந்த ஒரு சொல்லை நம்பி அவன் ஞாயிற்றுக்கிழமை தோறும் லண்டனின் மேற்குக் கோடியிலிருந்து கிழக்குக் கோடிக்கு ரயில் மாறி மாறி வந்தான்.

லீக் ஆட்டங்கள் ஏப்ரலில் தொடங்கும். சித்திரை வருடப்பிறப்பை ஒட்டி வரும் ஞாயிறு கழகத்தின் பெருநாள். ஊரில் அன்றைக்குப் பஞ்சாங்கம் படிப்பார்கள். இங்கே பருவ பலன் படித்தார்கள். பொங்கலும் வடையும் முடிந்ததும் யோகலிங்கம் மைதானத்தின் நடுவே மேடையேறி, அந்த வருடம் அணிக்கு எப்படி என்று ராகம் இழுத்து வாசிப்பார்.

"ஓட்டங்களில் வரவு இரண்டு, செலவு பதினொன்று. தலைவர் ஸ்தானம் உச்சம். இளைஞர் ஸ்தானத்துக்குப் பார்வைப் பலன் உண்டு. ஆகையால் இளைஞர்கள் இவ்வருடம் பார்த்துக்கொண்டிருப்பது உத்தமம்."

பிறகு தலைவர் பேசுவார். எண்பத்தெட்டில் அவர் பேசியது எனக்கு இன்னமும் பாடம். சமைக்கும்போதுகூட வாயில் வந்துவிடுகிறது.

"அன்பார்ந்த பெரியோர்களே! இந்தப் பருவம் எங்களுக்கு வெற்றிப் பருவமல்ல. தோல்விப் பருவமும் அல்ல. இது மீளக் கட்டும் பருவம்! மீளக் கட்டுகிறவனை எவராலும் தோற்கடிக்க ஏலாது. ஏனெனில் அவன் இன்னும் கட்டி முடிக்கவில்லை. எங்களிடம் இளம் திறமை இருக்கிறது. அந்தத் திறமையை நாங்கள் செலவழிக்க மாட்டோம். பாதுகாப்போம்!"

கிறிஸ்துராஜாவை மேடைக்குக் கூப்பிட்டு மாலை போட்டார்கள். முதுகில் "எதிர்காலம்" என்று எழுதிய வெள்ளைச் சட்டை ஒன்றும் கொடுத்தார்கள். அவன் அதைப் போட்டுக்கொண்டு கைதட்டல் முடியும்வரை நின்றான். பிறகு எங்கே போய் எறிவது என்று கேட்டான். ஓரத்தில் போட்டிருந்த பலகை வாங்கில் போய் இருக்கச் சொன்னார்கள்.

அன்று பின்னேரம் தண்ணீர் கேட்டு என் வீட்டுக்கு வந்தவன் வாசலில் நின்றபடி கேட்டான்.

"அண்ணை, கழகம் போன வருசந்தானே தொடங்கினது. முந்தி எதைக் கட்டினவை, இப்ப மீளக் கட்டுறதுக்கு?"

"மேடையைத்தான் தம்பி. போன மாசக் காத்துக்கு அது விழுந்துபோச்சு."

அவன் சிரிக்கவில்லை. நான் சொன்னதை உண்மையென்று எடுத்துக்கொண்டு தலையாட்டினான். என் கராஜின் பக்கச் சுவரில் எறிந்து பழகலாமா என்று கேட்டான். எறியும்படி சொன்னேன். அன்றிலிருந்து ஞாயிறு பின்னேரங்களில் மைதானத்தின் பேச்சுச் சத்தத்தோடு என் சுவரில் பந்து விழும் சத்தமும் சேர்ந்தது. சுண்ணாம்பால் சிறிய சதுரம் ஒன்று கீறி வைத்திருந்தான். சுவரில் வேறெங்கும் பந்து பட்ட அடையாளம் கிடையாது.

அவனுக்கு வேண்டியதெல்லாம் ஒன்றுதான். லீக் ஆட்டமொன்றில், எறியும் மேட்டில் ஏறி நின்று, எதிரே தடியோடு நிற்கும் ஒருவனுக்கு எறிய வேண்டும். சாமான் ஏற்றும் இடத்தில் அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட யாரும் இல்லை. அகதி விண்ணப்பத்துக்குப் பதில் வரவில்லை. இந்த நாட்டில் தன்னால் மற்றவர்களைவிடத் திறமாகச் செய்யக்கூடியது இந்த எறி ஒன்றுதான் என்று அவனுக்குத் தெரிந்திருந்தது. வெளியே சொல்லமாட்டான், ஆனால் அவன் சதுரத்தைப் பார்க்கும் பார்வையில் எனக்கு விளங்கியது.

இனி அந்த லீக் ஆட்டங்கள் எப்படி நடந்தன என்று சொல்கிறேன். பேஸ்போல் பெரிய வித்தையல்ல. ஒருவர் எறிய, மற்றவர் தடியால் அடித்துவிட்டு, பேஸ் எனப்படும் மூன்று மூலைகளையும் தொட்டுச் சுற்றி ஓடிப் புறப்பட்ட இடத்துக்குத் திரும்ப வேண்டும். மூன்று முறை தவறவிட்டால் ஆள் வெளியே. யாரை எங்கே நிறுத்துவது என்று மற்ற அணிகளில் ஆளின் திறமையைப் பார்த்து முடிவெடுப்பார்கள். எங்கள் கழகத்தில் மேடை ஒழுங்கைப் பார்த்தார்கள்.

மேடையில் முதலில் அழைக்கப்படுபவர் கழகத்தின் புரவலரான போஷகர். ஆகவே முதலில் அடிப்பவரும் போஷகர். இளைப்பாறிய டாக்டர் செல்வரத்தினம், எழுபதை எட்டிக்கொண்டிருந்தவர், தடியை ஊன்றுகோலாகப் பிடித்து வருவார். அவருக்குப் பின் தலைவர், உபதலைவர்கள், செயலாளர், பொருளாளர், மலர்க் குழு. எறியும் மேடு மைதானத்தின் நடுவே கொஞ்சம் உயரமாக, எல்லோரும் பார்க்கக்கூடிய இடத்தில் இருந்தது. அது தலைவருக்குரியது என்பதில் எவருக்கும் சந்தேகம் வரவில்லை.

சிக்கல் பேஸ்களில் வந்தது. கழகம் உடையாமல் இருக்க மூன்று உபதலைவர்களைச் சம அந்தஸ்தோடு நியமித்திருந்தார்கள். சம அந்தஸ்து என்றால் மூவருக்கும் முதலாம் பேஸ்தான். இரண்டாம் பேஸில் யோகலிங்கம் பெருந்தன்மையோடு நின்றார். மூன்றாம் பேஸில் நிற்கச் சொன்னபோது பொருளாளர் சட்டையைக் கழற்றி எறிந்தார்.

"மூண்டாவதில நிக்கிறதுக்கோ நான் ஹரோவிலயிருந்து காரோட்டி வந்தனான்?"

எனவே முதலாம் பேஸில் மூன்று பேர் தோளோடு தோள் உரசிக்கொண்டு நின்றார்கள். மூன்றாம் பேஸில் புல் வளர்ந்தது. எதிரணிக்காரர்கள் முதலாம் பேஸைக் கூட்டத்தை விலக்கிக்கொண்டு தாண்டுவார்கள். அதற்குப் பிறகு வீதியில் உலாத்துவதுபோல் போய்ச் சேருவார்கள். நடுவர் இளைப்பாறிய தபால்காரர், பொறுமைசாலி. முதல் நாள் அவர் விதிப் புத்தகத்தை இரண்டு முறை புரட்டினார். ஓர் இடத்தில் மூன்று பேர் நிற்கக்கூடாது என்று அதில் எங்கும் எழுதியிருக்கவில்லை. இப்படி ஒரு கழகம் வரும் என்று எழுதியவன் எதிர்பார்த்திருக்கமாட்டான்.

ஆட்டம் தொடங்குமுன் அடிப்பவர் நிற்கும் இடத்தில் குத்துவிளக்கு வைத்து ஐந்து திரியும் ஏற்றுவார்கள். ஏப்ரல் காற்றில் ஐந்தாவது திரி பற்றும்போது முதலாவது அணையும். அதை ஏற்றிய பிரமுகரைத் திரும்பவும் பட்டம் பதவியோடு ஒலிபெருக்கியில் அழைப்பார்கள். எதிரணிப் பெடியன்கள் சிப்ஸ் பக்கற்றுகளைப் பிரித்துக்கொண்டு புல்லில் இருப்பார்கள். இதெல்லாம் முடிந்து தலைவர் மேட்டில் ஏறி, பந்தைக் கண்ணில் ஒற்றி, எறிவார். பந்து பாதி வழியில் விழுந்து மீதியை உருண்டு கடக்கும்.

முதல் ஆட்டத்தில் சுழியத்துக்கு முப்பத்தொன்று என்று தோற்றார்கள். அன்று பின்னேரம் ஒலிபெருக்கி சொன்னது:

"முப்பத்தொரு ஓட்டங்களும் எங்கள் அத்திவாரத்தில் வைக்கப்பட்ட முப்பத்தொரு கற்கள்!"

மேற்கொண்டு வருடங்கள் ஓடின, கற்கள் குவிந்தன. எண்பத்தொன்பதும் மீளக் கட்டும் ஆண்டு. தொண்ணூறும் அதே. ஒவ்வொரு சித்திரைக்கும் கிறிஸ்துராஜாவுக்கு மாலை விழுந்தது. "இளம் திறமையை அவசரப்பட்டுக் களத்தில் இறக்கினால் அது வெம்பிப்போகும்" என்று தலைவர் எச்சரித்தார். இளைஞர்களுக்கென்று இளைஞர் அணி ஒன்றும் தொடங்கினார்கள். அதன் தலைவருக்கு ஐம்பத்திரண்டு வயது. இளைஞர் என்றால் நாற்பத்தைந்துக்கு உட்பட்டவர் என்று கழகச் சட்டமான யாப்பில் இருந்ததை அவருக்காக ஐம்பத்தைந்தாக்கினார்கள். அந்தக் கணக்கின்படி கிறிஸ்துராஜாவுக்கு இளைஞனாகவே காத்திருக்க இன்னும் முப்பது வருடம் இருந்தது.

அஞ்சலீனா ஒருநாள் தம்பியைத் தேடி வந்தவள் வாங்கில் அவன் கைகட்டி இருப்பதைப் பார்த்தாள். மூச்சு வாங்க என் மதிலருகே நின்று, எனக்கும் கேட்கச் சொன்னாள்.

"என்னடா, உன்னைப் புகை போட்டுப் பழுக்க வைக்கினமோ? வாழைக்குலையெண்டாலும் மூண்டு நாளில பழுத்திருக்கும். ஓவர்டைமை விட்டிட்டு இதுக்கோ வாறனி?"

"அடுத்த வருசம் எறியலாமாம் அக்கா."

"ஆர் சொன்னது?"

"எல்லாரும் சொல்லுகினம்."

தொண்ணூற்றொன்றில் பயிற்சியாளர் ஒருவரைப் பிடித்தார்கள். லெட்சுமணன், மலேசியாக்காரர். ஈப்போவில் பள்ளிக்கூட நாளில் பேஸ்போலைப் போன்ற சொஃப்ட்போல் ஆடியவர், இங்கே படிக்க வந்து என்ஜினியராகத் தங்கிவிட்டவர். கழகத்தில் விளையாட்டுத் தெரிந்த முதல் ஆள். முதல் நாள் அவர் முதலாம் பேஸில் மூவரைப் பார்த்துக் கண்ணைக் கசக்கினார். பிறகு என் கராஜ் பக்கமாகச் சத்தம் கேட்டு வந்து, கிறிஸ்துராஜா எறிவதைக் கொஞ்சநேரம் பார்த்தார்.

"யார் இந்தப் பையன்?" என்று என்னிடம் கேட்டார்.

"எதிர்காலம்" என்றேன்.

அவர் நேரே செயற்குழுவுக்குப் போய், இவன்தான் எறிய வேண்டும் என்றார். குழு அவருக்குப் பொன்னாடை போர்த்தியது. பிறகு கிறிஸ்துராஜா பக்குவமடைந்துவிட்டாரா என்று ஆராய மூவர் கொண்ட உபகுழு அமைத்தது. உபகுழு ஒரு வருடம் கூடியது. ஒருநாளாவது அவன் எறிவதைப் போய்ப் பார்க்கவில்லை.

"பாக்கக்கூடாது, கோச்" என்று யோகலிங்கம் விளக்கினார். "பாத்தால் பக்கச்சார்பு வந்திடும்."

"பார்க்காம எப்படிங்க முடிவு பண்றது?"

"அதுக்குத்தானே உபகுழு."

லெட்சுமணன் என் வீட்டு வாசற்படியில் இருந்து தலையைப் பிடித்துக்கொண்டார். "இவன் கைக்கு இன்னும் சில வருஷந்தான் இந்த வேகம் இருக்கும். இவங்களுக்கு அது புரியலையே" என்றார். எனக்குப் புரியாமலிருந்தது வேறொன்று. அத்தனை பேரும் படித்தவர்கள், கைநிறையச் சம்பளம் வாங்குபவர்கள், பிள்ளைகளை ரியூஷனுக்கு அனுப்பி வைத்திய பீடம் ஏற்றியவர்கள். வாரம் ஆறு நாள் மூளை வேலை செய்கிறது. பொன்னாடையைக் கண்டதும் நின்றுவிடுகிறது.

தொண்ணூற்றிரண்டு ஜூலையில் ஒரு ஞாயிறு தலைவர் மாலை வாங்கக் குனிந்தார், நிமிரவில்லை. முதுகு பிடித்துக்கொண்டது. அவரை மேடையில் குப்புறக் கிடத்தி, ஒலிவாங்கியை வாய்க்கருகில் வைத்தார்கள். அன்று எதிரணி கல்லூரி மாணவர்கள். முதல்நாள் இரவுக் கூத்தின் மயக்கத்தில் பாதிப்பேர் நிற்கவே தள்ளாடினார்கள். தலைவர் எறியாத காரணத்தாலும், உபதலைவர் ஒருவர் மாறி எறிந்த பந்துகள் எட்டாத இடங்களில் போனதாலும், கழகம் வரலாற்றில் முதல் தடவையாக ஓர் ஓட்டத்தால் முன்னே நின்றது. கடைசிச் சுற்று. இன்னும் மூன்று பேரை வெளியேற்றினால் வெற்றி. அப்போது எறிந்துகொண்டிருந்த உபதலைவர் தோளைப் பிடித்துக்கொண்டு இருந்துவிட்டார்.

வேறு எவரும் இல்லை. லெட்சுமணன் வாங்கைப் பார்த்துக் கையசைத்தார். கிறிஸ்துராஜா எழுந்தான். நான் வீட்டைப் பூட்டாமல் தெருவைக் கடந்து ஓடினேன்.

அவன் மேட்டில் ஏறினான். பயிற்சிக்கு ஒரு பந்து எறிந்தான். அடிப்பவருக்குப் பின்னால் நின்று பிடிப்பவரின் கையுறையில் அது விழுந்த சத்தத்தில் மேடையில் குப்புறக் கிடந்தவரும் பேச்சை நிறுத்தினார். மாணவர்களுக்கு மயக்கம் தெளிந்தது. முதல் ஆள் தடியோடு வந்து நின்றான். கிறிஸ்துராஜா கையைப் பின்னே கொண்டுபோனான்.

"நிப்பாட்டுங்கோ!" என்று யோகலிங்கம் இரண்டாம் பேஸிலிருந்து கத்தினார். கையில் மணிக்கூடு. "நாலரை. ஞாயித்துக்கிழமை ராகுகாலம் தொடங்கீட்டுது. புதுக்காரியம் ஒண்டும் தொடங்கக்கூடாது."

"இது புதுக்காரியம் இல்லை அண்ணை. ஆட்டம் முடியப்போகுது."

"தம்பி, நீர் எறியிறது புதுக்காரியந்தானே."

கிறிஸ்துராஜா பந்தை இறுக்கிப் பிடித்தான். "நான் வேதக்காரன், மாதா கோயிலுக்குப் போறவன். எனக்கு ராகுகாலம் இல்லை."

"உமக்கில்லை. கழகத்துக்கு இருக்கு."

லெட்சுமணன் குறுக்கே விழுந்தார். கோடைக்காலத்தில் இந்த நாட்டில் மணிக்கூட்டை ஒரு மணி நேரம் முன்னே தள்ளி வைத்திருக்கிறார்கள், சூரியக் கணக்கில் இப்போது மூன்றரைதான், ராகுகாலம் வர இன்னும் ஒரு மணி நேரம் இருக்கிறது என்றார். நல்ல வாதம். அதுதான் கெடுத்தது. குழு உடனே சூரியக் கட்சி, மணிக்கூட்டுக் கட்சி என்று பிரிந்தது. கழகம் உடையப்போகிறது என்று கண்ட தலைவர் கிடந்த கிடையிலேயே ஒற்றுமைத் தீர்மானம் கொண்டுவந்தார். இரண்டு ராகுகாலத்தையும் அனுசரிப்பது. அதாவது நாலரையிலிருந்து ஏழு மணிவரை. தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. அணி களத்தை விட்டு இறங்கித் தேநீர் குடிக்கப் போனது.

நடுவர் தபால்காரர் பதினைந்து நிமிடம் காத்திருந்தார். பிறகு ஆட்டத்தை மாணவர்களுக்குக் கொடுத்துவிட்டுச் சைக்கிளில் ஏறினார். ஏழு மணிக்குத் திரும்பி வந்த கழகம் வெறும் மைதானத்தில் வரிசையாக நின்று படம் எடுத்துக்கொண்டது.

"இன்று நாங்கள் ஓர் ஆட்டத்தை இழந்திருக்கலாம். ஒரு கிரகத்தை வென்றிருக்கிறோம்!" என்றது ஒலிபெருக்கி.

கிறிஸ்துராஜா படத்தில் இல்லை. என் கராஜ் சுவருக்கு முன்னால் பந்தோடு நின்றான், எறியவில்லை. எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்த ஒலிபெருக்கியைக் கழற்றிக் கால்வாயில் போடலாமா என்று தோன்றியது.

"அண்ணை," என்றான் சதுரத்தைப் பார்த்தபடி, "எனக்கு இருபத்தாறு வயசு. இன்னும் எதிர்காலம் எண்டு சொல்லுகினம். அது எப்ப வருமெண்டு கேட்டால் கோவிக்கினம்."

நான் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன்.

அந்த வருட முடிவில் லெட்சுமணன் கழகத்தை விட்டார். ஹவுன்ஸ்லோவில் விமானநிலையத் தொழிலாளர்கள் தொடங்கிய அணிக்குப் பயிற்சியாளராகப் போனார். அங்கே பொன்னாடை கிடையாது, போஷகர் கிடையாது. கழகம் கொடுத்த பொன்னாடையை மழைநாளில் மேட்டை மூடப் பயன்படுத்துவதாக எனக்குச் சொன்னார். அடுத்த வருடமும் கிறிஸ்துராஜா கிழக்கே வந்து வாங்கில் இருந்தான். அதற்குமேல் பொறுக்காமல் அஞ்சலீனாவே லெட்சுமணனிடம் போய்ப் பேசினாள். கிறிஸ்துராஜா தலைவரிடம் வந்து, தான் அந்த அணிக்குப் போவதாக நேரே சொன்னான்.

பத்மநாதன் அவன் தோளில் கைபோட்டார்.

"போம், தம்பி, போம். நாங்கள் ஒருத்தரையும் தடுக்கிறேல்லை. ஆனால் எதிர்காலத்தை விட்டிட்டு எங்க போகப்போறீர்?"

தொண்ணூற்று நாலு சித்திரை. பருவத்தின் முதல் ஆட்டமே எங்கள் மைதானத்தில், கழகத்துக்கும் விமானநிலைய அணிக்கும். காலையில் பருவ பலன் வாசித்தார்கள். இந்த வருசமும் மீளக் கட்டுகிறோம் என்று தலைவர் ஒன்றரை மணி நேரம் பேசினார். விளக்கு ஐந்து முறை அணைந்தது. எதிரணி வாங்கில் கிறிஸ்துராஜா இருந்தான். சட்டையில் "எதிர்காலம்" இல்லை, ஓர் இலக்கம் மட்டும் இருந்தது.

மேட்டில் அவன் ஏறியபோது மேடை ஒழுங்கின்படி முதலில் வந்தவர் போஷகர் செல்வரத்தினம். மற்ற அணிக்காரர்கள் எல்லாம் அவருக்குக் குழந்தைக்குப் போடுவதுபோலப் பந்தை மெல்ல விடுவார்கள். சிரித்துக்கொண்டே விடுவார்கள். கிறிஸ்துராஜா எறிந்தான். கிழவர் தடியை அசைக்குமுன் பந்து பின்னால் கையுறையில் இருந்தது. இரண்டாவது, மூன்றாவது. வெளியே.

"மரியாதை தெரியாதவன்!" என்று முதலாம் பேஸுக்காரர் ஒருவர் கத்தினார்.

செல்வரத்தினம் திரும்பிப் பார்த்தார். "பொத்தும் வாயை. ஏழு வருசத்தில எனக்கு ஒருத்தன் இண்டைக்குத்தான் மெய்யாப் பந்து எறிஞ்சிருக்கிறான்."

தலைவர் வந்தார், போனார். மூன்று உபதலைவர்களும் சம அந்தஸ்தோடு வந்தார்கள், சம அந்தஸ்தோடு போனார்கள். செயலாளர், பொருளாளர், மலர்க் குழு. ஒருவர் தடியிலும் பந்து படவில்லை. என் கராஜ் சுவர் இத்தனை வருடம் வாங்கியதை இப்போது செயற்குழு வாங்கியது. அஞ்சலீனா என் மதிலில் ஏறியிருந்து ஒவ்வொருவர் போகும்போதும் கைதட்டினாள். நானும் தட்டினேன். முழங்கால் வலி எங்கே போனதென்று தெரியவில்லை.

கடைசிச் சுற்றில் செல்வரத்தினத்தின் முறை திரும்ப வந்தது. இந்தமுறை கோட்டைக் கழற்றிவிட்டு வந்து நின்றார். இரண்டு பந்து தவறியது. மூன்றாவது தடியின் நுனியில் பட்டு, கிறிஸ்துராஜாவின் கைக்கே உயர்ந்து போனது. பிடித்தான். ஆட்டம் முடிந்தது. இருபத்திரண்டுக்குச் சுழியம்.

"பட்டது! பட்டது!" என்று கிழவர் தடியைத் தூக்கிக் காட்டினார். எழுபத்தாறு வயதில் அவர் முகத்தில் இருந்த சந்தோசத்தை நான் அந்தக் கழகத்தில் வேறு எவர் முகத்திலும் கண்டதில்லை. கிறிஸ்துராஜா மேட்டிலிருந்து இறங்கி வந்து அவருக்குக் கைகொடுத்தான். அவன் அழுதுகொண்டிருந்தான்.

அத்தோடு முடிந்திருக்கும் என்று நினைப்பவர்கள் எங்கள் தலைவரை அறியாதவர்கள். அவர் ஒலிவாங்கியைப் பிடித்துவிட்டார்.

"அன்பார்ந்த பெரியோர்களே! இன்றைய வெற்றி யாருடைய வெற்றி? எங்கள் வெற்றி! இந்த இளம் திறமையைக் கண்டுபிடித்தது யார்? நாங்கள். ஆறு வருடம் ஒரு பந்துகூட எறியவிடாமல் அந்தக் கையைத் தேயாமல் காத்தது யார்? நாங்கள். இன்று எங்களை எங்கள் பிள்ளையே தோற்கடித்திருக்கிறான் என்றால், மீளக் கட்டும் பணி பூர்த்தியாகிவிட்டது என்றே அர்த்தம். ஆகவே அடுத்த வருடம் முதல் புதிதாக மீளக் கட்டத் தொடங்குவோம்!"

கைதட்டினார்கள். சுழியம் எடுத்தவர்கள் எழுந்து நின்று தட்டினார்கள். பொன்னாடை வந்தது. கிறிஸ்துராஜாவை இழுத்துப்போய் மேடையேற்றித் தோளில் போர்த்தினார்கள். அவன் அதைக் கழற்றி, நாலாக மடித்து, வியர்வை ஆறுமுன் எறியும் கையில் தோளிலிருந்து முழங்கைவரை சுற்றி இறுக்கிக் கட்டினான். எறிந்த கையைச் சூடாக வைத்திருக்க வேண்டும் என்று லெட்சுமணன் பழக்கியிருந்தார்.

"எங்கட கழகத்தைப் பற்றித் தம்பி ஒரு வார்த்தை பேசவேணும்" என்று தலைவர் ஒலிவாங்கியை நீட்டினார்.

கிறிஸ்துராஜா அதை வாங்கினான். இத்தனை வருடத்தில் அவன் கைக்கு அது வந்தது முதல் முறை. மேலும் கீழுமாகத் திருப்பிப் பார்த்தான். அடியில் இருந்த சுவிட்சைக் கண்டுபிடித்து, அணைத்தான். தலைவரின் கையில் மரியாதையாகத் திருப்பிக் கொடுத்தான். இறங்கி, அக்காவோடு வாகனத்தை நோக்கி நடந்தான்.

தலைவர் கவனிக்கவில்லை. ஒலிவாங்கியை வாயருகே கொண்டுபோய் நன்றியுரையைத் தொடங்கினார். கை உயர்ந்தது, இறங்கியது, மேசையைக் குத்தியது. முன்வரிசை தலையாட்டியது. நான் வீட்டுக்குள் போய், ஏழு வருடமாக ஞாயிற்றுக்கிழமைகளில் அடைத்தே வைத்திருந்த முன்வாசல் ஜன்னலை அகலத் திறந்துவிட்டேன்.